பெரட்டுப் பலகையில் ஒட்டிய தாள்

நீலகந்தைத் தோட்டம், மேற்பிரிவு,
பதுளை.
18.01.2004

அன்புள்ள அக்கா,

இந்த வருடம் உங்களுக்கு எழுதும் கடிதங்களில் எல்லாவற்றையும் நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவது என்று தீர்மானித்திருக்கிறேன். நல்ல எழுத்துக்கு அதுதான் முதல் பாடம் என்று எங்கள் தமிழ் டீச்சர் சொன்னார். ஆகவே முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. பொங்கலுக்கு நீங்கள் வரவில்லை என்று அம்மா அடுப்போடு சண்டை போட்டார். தம்பி கிஷாந்தனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் கிழவன் மாதிரி இருக்கிறான். நான் சுகம். கொழும்பில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

இனி விசயம். திங்கட்கிழமை காலை பெரட்டுக்களத்துப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நீங்கள் போன பிறகும் அந்தப் பலகைக்கு மரியாதை அப்படியேதான் இருக்கிறது. சம்பள நாள், கிளினிக் நாள், லீவு என்று அதில் எது ஒட்டினாலும் அது ஆபீஸ் சொன்னது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க வருகிறவர்கள் படித்துவிட்டு, அல்லது படிக்கக் கேட்டுவிட்டு, அப்படியே நடந்துகொள்வார்கள்.

இந்தத் தாளில் எழுதியிருந்தது இதுதான்: தோட்டத்துப் பெண் பிள்ளைகளுக்குப் போடும் ஊசியில் பிள்ளை பிறக்காமல் செய்யும் மருந்து கலந்திருக்கிறதாம். ஊவாவில் ஒரு தோட்டத்தில் ஊசி போட்ட மாணவிகள் பலர் செத்துப்போய்விட்டார்களாம். அரசாங்கம் மறைக்கிறதாம். கீழே, நீள வாங்கில் சாய்ந்து கிடக்கும் பிள்ளைகளின் படம். கடைசியில், ‘இதை உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்’ என்றிருந்தது.

கொண்டுவந்தது சுபாஸ் அண்ணன். மூன்றாம் லயத்தில் இருக்கிறாரே, அவர் இப்போது பதுளை பஸாரில் ஸஹாப்தீன் நானாவின் போட்டோகொப்பிக் கடையில் வேலை. அங்கே இன்டர்நெட்டும் இருக்கிறது. கடைக்கு வந்த ஈமெயிலை பிரின்ட் எடுத்து, “சனத்துக்குப் பிரயோசனமா இருக்கும்” என்று அழகையா கங்காணியிடம் கொடுத்திருக்கிறார். கங்காணிக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. ஏதோ நோட்டீஸ் என்று பலகையில் ஒட்டிவிட்டார்.

“யார் எழுதினதுண்ணே?” என்று சுபாஸ் அண்ணனைக் கேட்டேன்.

“இன்டர்நெட்ல வந்துச்சு தங்கச்சி.”

“இன்டர்நெட்டுல யாரு?”

“இன்டர்நெட்டுன்னா இன்டர்நெட்டுதான். கொம்பியூட்டரு பொய் சொல்லுமா? மனுசன்தான் சொல்லுவான்.”

தாளைக் கொண்டுவந்தது சுபாஸ் அண்ணன் என்று லயத்தில் யாருக்கும் தெரியாது. “தொரையே ஒட்டிப்புட்டாரு, இதுக்கு மேல என்ன வேணும்?” என்கிறார்கள். அடுத்த மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ருபெல்லா ஊசி போட வருகிறார்கள், அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது. எதற்குப் பயம் என்று தெரியவில்லை.

உங்கள் நலத்தை எழுதுங்கள்.
தங்கை தர்மிளா


வெள்ளவத்தை, கொழும்பு.
27.01.2004

அன்புள்ள தர்மி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கடல் காற்றும் கார்ப் புகையும்தான். எனக்குக் கொஞ்சம் வயிற்றுக் கோளாறு, காலையில் சாப்பாடு இறங்குவதில்லை. பயப்பட ஒன்றுமில்லை, அம்மாவிடம் சொல்லாதே.

அந்தத் தாளைப் பற்றி. நான் வேலை செய்யும் கொமியூனிகேஷன் கடையில் இப்படியான ஈமெயில் நாளும் வருகிறது. போன வாரம் ஒன்று, இதை அனுப்பாவிட்டால் வீட்டில் இழவு விழும் என்றது. முதலாளி பயந்துபோய்ப் பத்துக்குப் பதிலாக இருபது பேருக்கு அனுப்பினார். அனுப்பியது நான்தான், அவருக்குத் தட்டத் தெரியாது. கொம்பியூட்டரும் தபால் பெட்டி மாதிரித்தான் தர்மி. யார் எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும்.

தாளில் எழுதியவரின் பெயர் இருக்கிறதா, எந்தத் தோட்டம், எந்த நாள் என்று இருக்கிறதா? பார்த்து எழுது. முடிந்தால் ஒரு கொப்பி எடுத்து அனுப்பு. நான் தேடிப் பார்க்கிறேன்.

அப்பாவை முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல்.
சிவரூபி


நீலகந்தைத் தோட்டம்.
08.02.2004

அன்புள்ள அக்கா,

வயிறு இப்போது எப்படி? இஞ்சி தட்டிப் போட்டுக் குடியுங்கள். நீங்கள் சொன்னபடி அம்மாவிடம் சொல்லவில்லை. இங்கே பனி அதிகம், மற்றபடி எல்லோரும் நடமாடுகிறோம்.

கொப்பி இதனுடன் இருக்கிறது. பெயர் இல்லை. நாள் இல்லை. ‘ஒரு பெரிய டாக்டர் சொன்னார்’ என்று இருக்கிறதே தவிர, அந்த டாக்டருக்கும் பெயர் இல்லை. கொப்பி எடுக்கப் பள்ளிக்கூடம் விட்டதும் ஸஹாப்தீன் நானாவின் கடைக்குப் போனேன். “இது உண்மையா நானா?” என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“ஒரு தாள் பத்து ரூவா மகள். உண்மைக்கும் பத்து, பொய்க்கும் பத்து. மெசின் வித்தியாசம் பாக்காது.”

சுபாஸ் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தோட்டத்துத் துரைக்குச் செய்தி எட்டி, அவர் தாளைக் கிழித்துவிட்டு, ‘ஊசி பாதுகாப்பானது, பிள்ளைகளை அனுப்பவும்’ என்று ஆபீஸ் சீலோடு ஒரு நோட்டீஸ் ஒட்டினார். அதனால் நிலைமை இன்னும் மோசம். முதல் தாளை ஆபீஸ் ஒட்டியது என்று நம்பியவர்கள் இரண்டாவதைப் பார்த்து, “உண்மை வெளிய வந்துருச்சு, மேலருந்து திட்டியிருப்பாங்க, அதான் மாத்தி ஒட்டுறாங்க” என்கிறார்கள்.

ஊசி நாளில் தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருத்தியும் பள்ளிக்கூடம் போகவில்லை. என்னுடைய சப்பாத்தை அம்மா விறகுக் கட்டுக்குள் ஒளித்துவைத்துவிட்டார். “தாள்ல இருக்கிறது பொய்யா இருந்தா என்னம்மா செய்வீங்க?” என்றேன். அம்மா விறகுக் கட்டை இன்னொரு தடவை இறுக்கிக் கட்டினார். பிறகு சொன்னார்: “ஒன் தம்பி பொறந்தப்ப என்னைய ஆப்பரேசனுக்குக் கொண்டு போனாங்க. கைநாட்டு வாங்குனாங்க. எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லல. வீட்டுக்கு வந்து ரெண்டு வருசம் கழிச்சுத்தான் இனிப் புள்ள இல்லன்னு தெரியும். அது எந்தத் தாள்லயும் வரல. அதுக்காக அது பொய்யா?”

அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது, அக்கா? உங்களுக்குத் தெரியுமா?

தர்மிளா


வெள்ளவத்தை.
20.02.2004

அன்புள்ள தர்மி,

பதில் தாமதம். உடம்பு ஒத்துழைக்கவில்லை, வேறொன்றுமில்லை. நீங்கள் எல்லோரும் நலமாக இருந்தால் அதுவே போதும்.

அம்மாவுக்கு நடந்தது எனக்குத் தெரியாது. நீ எழுதியதை வாசித்துவிட்டுக் கடையின் பின்பக்கம் போய் நின்றேன். அம்மா பயப்படுவது பைத்தியக்காரத்தனம் இல்லை தர்மி. அம்மாவுக்கு நடந்தது உண்மை. அந்த உண்மையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் இந்தப் பொய் வந்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு சுலபமாக வீட்டுக்குள் நுழைந்துவிட்டது.

ஆனால் தாள் பொய். வேலை முடிந்தபின் உட்கார்ந்து தேடினேன். அதே கதை, அதே வரிகள் வேறு இடங்களில் இருக்கின்றன. ஒன்றில் ஆபிரிக்காவில் ஒரு நாடு, இன்னொன்றில் இந்தியாவில் ஒரு மாவட்டம், நம்முடையதில் ஊவா. ஊரின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். படமும் அதே படம். கொப்பியில் எல்லாம் கறுப்பாக இருக்கிறது, கலரில் பார்த்தால் பிள்ளைகள் மண்ணிற உடுப்புப் போட்டிருக்கிறார்கள். நம்முடைய பள்ளிக்கூடங்களில் எங்கே மண்ணிற உடுப்பு? பின்னால் ஒரு பெயர்ப் பலகை தெரிகிறது, அதில் இருப்பது தமிழுமில்லை, சிங்களமுமில்லை. கீழே அந்த ஊர்ச் செய்தி: பிள்ளைகள் வெயிலில் நின்று மயங்கியிருக்கிறார்கள். எல்லோரும் அன்றே வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இதைத் தோட்டத்தில் வாசித்துக் காட்டு.

சிவரூபி


நீலகந்தைத் தோட்டம்.
29.02.2004

அன்புள்ள அக்கா,

உங்கள் உடம்பை நினைத்துத்தான் முதலில் கவலை. டொக்டரிடம் காட்டினீர்களா? இங்கே அப்பாவுக்கு ஒத்தடத்தில் வலி குறைகிறது.

உங்கள் கடிதத்தைப் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்தவர்களுக்கு வாசித்தேன். மண்ணிற உடுப்பு என்ற இடத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஆனால் எங்கள் வீட்டுச் சுவருக்கு அடுத்த காம்பிராக்காரி, “ஒங்கக்கா கொழும்புல இருக்கா. கொழும்புக்காரிக்கு வேற ஊசி, நமக்கு வேற ஊசி” என்றாள். எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்னொன்று. வியாழக்கிழமை அதே பீலிக்கரையில் கிஷாந்தனை நாய் கடித்துவிட்டது. பயப்படாதீர்கள். தோட்டத்து நாய் இல்லை, எங்கிருந்தோ வந்த கறுப்பு நாய். வாய் கோணிக்கொண்டு எச்சில் வடிய வந்தது. காலைக் கவ்வியதும் விடவில்லை. நான் பக்கத்தில் இருந்தபடியால் இழுத்துப் பிரிக்க முடிந்தது. அப்பா அன்றைக்கே அவனைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போடவைத்தார். இன்னும் நாலு தடவை போக வேண்டும். அம்மா தடுக்கவில்லை. “தாள்ல பொம்பளப் புள்ளைங்கன்னுதானே போட்டிருக்கு. ஆம்பளப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது” என்றார்.

கிஷாந்தன் ஊசிக்கு அழவில்லையாம். அப்பா வாங்கிக் கொடுத்த இனிப்புப் பனிஸ் கீழே விழுந்ததற்குத்தான் அழுதானாம்.

தர்மிளா


வெள்ளவத்தை.
04.03.2004

அன்புள்ள தர்மி,

கடிதம் இன்று காலை கிடைத்தது. தம்பிக்கு மிச்ச ஊசிகளைத் தவறவிட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்.

நான் மூன்று கேள்விகள் கேட்கிறேன், மூன்றுக்கும் பதில் வேண்டும். நாயை எதைப் பிடித்து இழுத்தாய்? அது உன்னைக் கடித்ததா, நகத்தால் கீறியதா? அதன் எச்சில் உன் மேல் எங்காவது பட்டதா?

ஒரு சின்னக் கீறல் என்றாலும் எழுது. நான் பயத்தோடு இருக்கிறேன்.

அக்கா


நீலகந்தைத் தோட்டம்.
09.03.2004

அன்புள்ள அக்கா,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் நலத்தை எழுதுங்கள்.

இரண்டாம் தவணைப் பரீட்சைக்கு இப்போதே படிக்கத் தொடங்கிவிட்டேன். வரலாறு நீளம். நூலகத்தில் புதிதாக ஒரு அலமாரி வந்திருக்கிறது, அதன் பூட்டுக்குத் திறப்பு இன்னும் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது, மேல் மலைப் பாதையில் மண் சரிந்து பஸ் பாதி வழிதான் வருகிறது. கிஷாந்தனின் மூன்றாவது ஊசிக்கு நானும் கூடப் போனேன். வெளியே வாங்கில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுபாஸ் அண்ணன் பஸ்ஸில் என்னைக் கண்டால் வேறு பக்கம் உட்காருகிறார்.

அந்த நாய் செத்துவிட்டது. தொழிற்சாலைக்குப் பின்னால் கிடந்ததாகச் சொன்னார்கள்.

வேறு விசேசம் இல்லை.

தர்மிளா


வெள்ளவத்தை.
13.03.2004

தர்மி,

நான் கேட்காததற்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறாய். அலமாரித் திறப்பைப் பற்றி எழுதிய நீ உன் கையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

நேற்று தோட்டத்து ஆபீசுக்கு போன் எடுத்தேன். தர்மிளாவையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள் என்று கிளார்க்கிடம் சொன்னேன். பிறகு மீண்டும் எடுத்துக் கேட்டேன். “அம்மாகிட்ட சொன்னோம், சின்னவனுக்கு ஊசியெல்லாம் போட்டாச்சுன்னு சொல்லச் சொன்னாங்க” என்றார். நான் சின்னவனைப் பற்றிக் கேட்கவில்லை.

நாய் செத்துவிட்டது என்றால் அது என்ன நாய் என்று உனக்குத் தெரியும். நீ புத்தகம் படிக்கிற பிள்ளை. எழுது.

அக்கா


நீலகந்தைத் தோட்டம்.
17.03.2004

அன்புள்ள அக்கா,

இடது முழங்கைக்குக் கீழே. இரண்டு பல் பதிந்திருந்தது. கழுத்தைப் பிடித்து இழுத்தபோது திரும்பிக் கவ்வியது. இரத்தம் கொஞ்சம்தான் வந்தது.

அம்மா சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுண்ணாம்பு தடவி, சீலைத் துண்டால் கட்டினார். பிறகு சாமிப் படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினார். அப்பாவுக்கும் சொல்லக் கூடாது, உங்களுக்கும் சொல்லக் கூடாது. “நாய் கடிச்சவங்க எல்லாரும் சாகுறதில்ல. அந்த ஊசிய போட்டுட்டா ஒன் வயித்துல ஒண்ணும் தங்காது. எனக்கு நடந்தது ஒனக்கும் நடக்க விடமாட்டேன்” என்றார். அழுதுகொண்டே சொன்னார், அக்கா. அம்மா என்மேல் ஆசை இல்லாமல் செய்யவில்லை.

சத்தியம் ஒன்றுதான் காரணம் என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது. அந்தத் தாள் பொய் என்று எனக்குத் தெரியும். மண்ணிற உடுப்பு, பெயர் இல்லாத டாக்டர், மாறிப்போகும் ஊர்ப் பெயர், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தபோது தாதி ஊசியை மேலே தூக்கிப் பார்ப்பது கதவு வழியாகத் தெரிந்தது, உடனே அந்தப் படம் ஞாபகம் வந்தது. சாய்ந்து கிடந்த பிள்ளைகளின் முகங்கள். ஸ்வெட்டர் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். தலைக்குத் தெரிந்தது உடம்புக்குத் தெரியவில்லை.

இப்போது புண் ஆறிவிட்டது, ஆனால் அந்த இடம் சில நேரம் விறுவிறு என்கிறது. நினைப்பினாலா, நிஜமாகவா தெரியவில்லை. விசர் நாய் கடித்தால் தண்ணீர் இறங்காது என்று படித்திருக்கிறேன், அதனால் ஒரு நாளைக்குப் பலமுறை கோப்பையில் தண்ணீர் எடுத்துப் பார்க்கிறேன். குடிக்க முடிகிறதா என்று. முடிகிறது. குடித்து முடித்ததும் அடுத்த தடவை முடியுமா என்று பயம் வருகிறது.

அம்மாவை எப்படிச் சம்மதிக்கவைப்பது? ஆபீஸ் சொன்னால் மறைக்கிறார்கள் என்கிறார். நான் சொன்னால் சின்னப் பிள்ளை. நீங்கள் சொன்னால் கொழும்புக்காரி.

தர்மிளா


வெள்ளவத்தை.
19.03.2004

தர்மி, இது அம்மாவுக்கு எழுதும் கடிதம். அப்பா வருவதற்கு முன் அம்மாவை உட்காரவைத்து வாசித்துக் காட்டு. ஒரு வரியையும் விடாதே.

அம்மா,

உங்களுக்கு உடம்பு எப்படி என்று கேட்கும் தைரியம் இன்று எனக்கு இல்லை. நான் எழுதப்போவதைக் கேட்டால் உங்களுக்கு உடம்பு நோகும்.

நான் எட்டாம் வகுப்பில் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டார்கள். தர்மிளாவுக்குப் போட வந்த அதே ருபெல்லா ஊசி. கை வீங்கி இரண்டு நாள் படுத்திருந்தேன், நீங்கள்தான் ஒத்தடம் கொடுத்தீர்கள். அப்போது நான் கொழும்புக்காரி இல்லை, மேற்பிரிவு லயத்துப் பிள்ளை. அதற்கு அடுத்த வருடம் தேயிலை மலையில் நாய் கடித்து, தம்பிக்கு இப்போது போடுகிற ஊசியையும் போட்டுக்கொண்டேன். அப்பாதான் கொண்டுபோனார்.

அம்மா, நான் இப்போது நாலாம் மாதம்.

அவர் பெயர் பிரதாபன். பக்கத்துக் கடையில் கணக்கு எழுதுகிறார், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கார்த்திகையில் பதிவு செய்துகொண்டோம். இரண்டு வீட்டுக்கும் சொல்லவில்லை. நேரில் வந்து காலில் விழுந்து சொல்ல வேண்டும் என்று இருந்தேன். பொங்கலுக்கு வராததும், வயிற்றுக் கோளாறு என்று எழுதியதும் இதற்காகத்தான். என்னை நீங்கள் வீட்டுக்குள் சேர்க்காமல் விடலாம். அது உங்கள் இஷ்டம்.

ஆனால் ஒன்றை மட்டும் பாருங்கள். அந்த ஊசிகள் இரண்டும் என் உடம்பில் இருக்கின்றன. பிள்ளையும் இருக்கிறது. டொக்டர் வயிற்றில் ஒரு சின்ன மெசினை வைத்துப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கவைத்தார். யாரும் பலகையில் ஒட்டிய செய்தி இல்லை இது. உங்கள் மகள் சொல்கிறாள்.

தர்மியை நாளைக்கே கொண்டுபோங்கள்.

சிவரூபி


பதுளை ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு.
24.03.2004

அன்புள்ள அக்கா,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இப்போது இரண்டு பேருக்காக அதைக் கேட்கிறேன்.

உங்கள் கடிதம் நேற்றுப் பெரட்டில் கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவை அடுப்படியில் உட்காரவைத்து வாசித்தேன். ‘நாலாம் மாதம்’ என்ற இடத்தில் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தேன். “வாசி” என்றார் அம்மா. முடித்ததும் ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினார். பிறகு, “அந்த நெஞ்சுத் துடிப்புன்னு எழுதியிருக்காளே, அத இன்னொருக்கா வாசி” என்றார். வாசித்தேன். “கேட்டுச்சாமா அவளுக்கு?” என்று கேட்டார். “கேட்டுச்சுன்னுதான் எழுதியிருக்காங்க” என்றேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பாவிடம் அம்மாவே எல்லாவற்றையும் சொன்னார், என் கையைப் பற்றியும். அப்பா எழுந்து வெளியே போனார். லயத்துக் கோடியில் தேயிலையைப் பார்த்தபடி நின்றார். திரும்பி வந்து, “மொத பஸ்சு அஞ்சரைக்கு” என்றார். அவ்வளவுதான்.

இன்று காலை பெரட்டு மணி அடித்தபோது நாங்கள் பலகையைத் தாண்டிப் போனோம். பெயர் கொடுக்க நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அடுத்த காம்பிராக்காரி, “எங்க போறீங்க?” என்று கேட்டாள். அம்மா நிற்காமல் சொன்னார்: “பெரியவளும் ஊசி போட்டவதான். இப்ப முழுகாம இருக்கா. சின்னவளுக்கும் போடத்தான் போறோம்.” சத்தமாகவே சொன்னார். இனித் தோட்டம் முழுக்கத் தெரியும், அக்கா. உங்களைப் பற்றி நிறையப் பேசுவார்கள். அம்மா அதைத் தெரிந்துகொண்டுதான் சொன்னார்.

டாக்டர் யாழ்ப்பாணத்து ஆள். என் கையைத் திருப்பிப் பார்த்தார். “ஏன் பிள்ளை இவ்வளவு நாளா வரேல்ல?” என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். “நாந்தான் விடலீங்க” என்றார் அம்மா. டாக்டர் ஏச வாயெடுத்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஒரு பத்திரம் நீட்டினார்கள். சிங்களத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது. அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“எதுக்குன்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் கைநாட்டு வைக்கிறேன்.”

தாதி, “அம்மா, ஆக்கள் வரிசையில நிக்கினம்” என்றார். அம்மா அசையவில்லை. டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். என்ன மருந்து, எங்கே போடுவார்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும், ஏன் வார்டில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வரியை அம்மா இரண்டு தடவை சொல்லவைத்தார். பிறகுதான் விரலை நீட்டினார்.

மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் முன்கையில் ஒரு துளி போட்டுப் பார்த்தார்கள். பிறகு ஆறிய புண்ணைச் சுற்றியே குத்தினார்கள். நான் அந்தப் படத்து முகங்களை நினைத்தேன். உங்கள் முகத்தை நினைக்க முயற்சி செய்தேன், வரவில்லை, பயம்தான் வந்தது. ஆனால் கையை இழுக்கவில்லை.

“இப்ப காப்பாத்திருமா ஐயா?” என்று அம்மா கேட்டார்.

“பிந்தித்தான் வந்திருக்கிறியள். பிந்தினாலும் போடத்தான் வேணும். போட்டாச்சு. இனி மிச்ச ஊசிகளுக்குத் தவறாமல் வாங்கோ, பாப்பம்.”

ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன், சொல்லவில்லை. இன்னும் எத்தனை மாதம் பயந்திருக்க வேண்டும் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் எங்கள் லயத்திலிருந்து இரண்டு தாய்மார் பார்க்க வந்தார்கள். அதில் ஒருத்தி அடுத்த காம்பிராக்காரி. எனக்கு ஒரு தோடம்பழம் கொடுத்தாள். என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்ப்பது மாதிரி. பிறகு அம்மாவிடம் மெதுவாக, “பள்ளிக்கூடத்துல திரும்ப எப்ப ஊசி போட வருவாங்களாம்?” என்று கேட்டாள்.

அம்மா இப்போது கட்டிலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்கு எழுதச் சொன்னது இது: “அவன் யாரு, என்ன சாதி சனம்னு அப்புறமா பாத்துக்கலாம். கோபம் எனக்குப் போகல. ஆனா அவள வெறும் வயித்தோட இருக்க வேணாம்னு எழுது. அஞ்சாம் மாசத்துக்குள்ள ரெண்டு பேரும் வரட்டும்.”

கை கனக்கிறது. கொஞ்சம் காய்ச்சல் இருக்கிறது, அது ஊசியால் வருவது என்று தாதி சொன்னார். தலைமாட்டில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். நான் இன்னும் அதைத் தொடவில்லை. அம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் பார்க்காத நேரத்தில்.

இப்போது குடித்தேன். அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

உங்கள் இருவரையும், பிறக்கப் போகிறவரையும் நினைத்துக்கொண்டே முடிக்கிறேன்.

தங்கை
தர்மிளா

தாதி வந்து நேரமாகிவிட்டது என்கிறார். விளக்குகளை அணைக்கப் போகிறார்கள்.